வழுக்குப்பாறைக்கு ஒரு லாக்கர்

செப்டம்பர் 4, வியாழன்

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. இதுவரை ஆயில் மாற்றிய தேதியும் டயர் மாற்றிய தேதியும்தான் இதில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேறு விஷயம் எழுதுகிறேன். யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும்.

நர்ஸ் சகாயமேரி இன்று ஜீப் ஸ்டாண்டுக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மலைக் கிராமங்களுக்கெல்லாம் நடந்தே போய் ஊசி போடுகிற பெண். இல்லாததைச் சொல்ல மாட்டார்.

"உங்க தங்கச்சி ஜோதிக்கு எட்டாம் மாசம் நடக்குது. அக்டோபர் கடைசின்னு தேதி குடுத்திருக்கோம். ரெண்டு மூணு வாரம் முன்னாடியே கீழ வந்து இருந்துக்கிட்டாத்தான் நல்லது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுல உங்க வீட்ட வச்சுக்கிட்டு அந்தப் பிள்ள மலைய விட்டு இறங்க மாட்டேங்குது. வலி வந்தா தவமணி ஜீப்புக்குச் சொல்லி வச்சிருக்கோம்னு மாப்ள சொல்றாரு. கொஞ்சம் பேசிப் பாருங்கண்ணே."

தவமணி ஜீப்! ஸ்டாண்டில் என் ஜீப்புக்கு எதிரே நிற்கிற ஜீப். கூடப் பிறந்தவளுக்கு, அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானே முன்னால் நின்று கல்யாணம் செய்து வைத்தவளுக்கு, என் வண்டி ஆகாதாம். ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் நர்ஸ் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் நடந்ததற்கு நானா பொறுப்பு? ஜோதி வாழ்க்கைப்பட்ட தேக்குமேட்டிலிருந்து கீழே வரும் பாதை நடுவில் ஓர் ஓடையில் இறங்கும். எதிர்க்கரையில் வழுக்குப்பாறை. நாற்பதடி நீளத்துக்கு வெறும் பாறை, மழைக்காலத்தில் மேலெல்லாம் பாசி. அதில் ஏறினால்தான் மறுபடி இறக்கம், தார் ரோடு, ஆஸ்பத்திரி. ஜோதியை வலியோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். பாதிப் பாறையில் பின் சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே தொங்கிவிட்டது. தொங்கின சக்கரம் பேயாய்ச் சுற்றுகிறது, பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கிற சக்கரம் சும்மா நிற்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியலின் லட்சணம் அதுதான். எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே எல்லா பலத்தையும் வாரிக் கொடுக்கும். நாலு வீலும் இழுப்பதற்கான லிவரை நான் போட்டேனா இல்லையா? போட்டேன். போட்டதை மாப்பிள்ளை பால்சாமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்தோம். பிள்ளை அந்தப் பாறையில்தான் பிறந்தது. அழவே இல்லை.

காலையில் ஆரம்பித்த வலியைச் சாயங்காலம் வரை சொல்லாமல் வைத்திருந்தவள் அவள். மழை பிடித்த பிறகு சொன்னாள். "காலையிலயே ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால்தான் கேட்டேன். கேட்டது தப்பா? அன்றிலிருந்து பேச்சு இல்லை. தேக்குமேட்டுக்காரர்கள் யாரும் என் ஜீப்பில் ஏறுவதும் இல்லை. நானும் மாந்தோப்பு லோடு அடித்துக்கொண்டு கீழேயே ஓட்டுகிறேன். யாருக்கு நஷ்டம்?

முடிவு செய்துவிட்டேன். லாக்கர் போடுகிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், எது தொங்கினாலும் மற்றது தள்ளும். கூடவே இழுவைக்குப் புதுப் பல்சக்கரங்கள். போட்டுவிட்டு அந்தப் பாறையில் ஏற்றிக் காட்டுகிறேன். அப்போது தெரியட்டும் தப்பு எதில் இருந்தது என்று.

செப்டம்பர் 8, திங்கள்

என் வண்டிக்கு எப்போதும் நானேதான் வேலை பார்ப்பேன். ஆனால் டிஃபரன்ஷியலைத் திறந்து பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து உட்கார வைப்பது என் கைக்கு அடங்காத வேலை. அதனால் சிக்கந்தர் பாயிடம் போனேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான். ஒரே பள்ளிக்கூடம், வேறு வேறு பெஞ்சு. அவர் கை சுத்தம், வாய்தான் மோசம்.

பின்பக்க மூடியைக் கழற்றினார். பெரிய பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி எண்ணினார். நாற்பத்தொன்று. சின்னதில் பதினொன்று.

"நாப்பத்திமூணுக்கு எட்டு போட்டா மாடு மாதிரி இழுக்கும். ஓட்டம் குறையும், பரவால்லையா?"

"ஓட்டம் எனக்கெதுக்கு பாய், ஏறுனாப் போதும்."

"சரி. முன்னாடி அச்சுக்கும் அதே கணக்குல ஒரு செட்டு சொல்லிருவோம்."

"முன்னாடி வேண்டாம். பின்னாடி மட்டும் போடுங்க."

துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பின்னாடி ஒரு கணக்கு, முன்னாடி ஒரு கணக்கு வச்சுக்கிட்டு நாலு வீலப் போட்டீன்னா நடுவுல கியர் பாக்ஸ் வெடிச்சுப் போகும். இது தெரியாதா உனக்கு?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது. செலவு ஆகும் என்றேன். அப்படியானால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டு மூடியைத் திருப்பி மாட்ட ஆரம்பித்துவிட்டார். என் வண்டிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதாம். எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

போன் பண்ணி, சரி, முன்னாலும் போட்டுத் தொலையுங்கள் என்று சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது. ஆறு நாள் காத்திருந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்று, தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினால் வேறு வண்டிக்கான லாக்கர்! அச்சின் முனையில் பல் மாதிரி வெட்டிய முப்பது வரி வேண்டும். இவன் பத்தொன்பது வரிக்கானதை அனுப்பியிருக்கிறான். போன் பண்ணினால், "சாரி சார், மாறிப் போச்சு" என்கிறான். சிரித்துக்கொண்டே சொல்கிறான். மாறிப்போனால் மாறிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் போலிருக்கிறது இந்த நாட்டில். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

பாய் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு தப்பு பண்ணுனவன் ஒத்துக்கிட்டான்ல. அதுக்கும் மேல அவன் என்ன செய்யணும்ங்கிற?" என்றார். யார் பக்கம் பேசுகிறார் பாருங்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

சரியான பெட்டி வந்துவிட்டது. மத்தியானம் தொழுகைக்குப் போய்விட்டு வந்து பாய் முன்பக்கம் குனிந்தார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வீரணா, முன் ஷாஃப்ட் எங்க?"

கியர் பாக்ஸிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டைத்தான் கேட்கிறார். அது இல்லையென்றால் லிவரை என்னதான் போட்டாலும் முன் சக்கரம் இழுக்காது, சும்மா உருண்டு வரும்.

"வீட்ல கிடக்கு பாய். டீசலுக்காகக் கழட்டுனது. எங்க லைன்ல எல்லாரும் கழட்டுறதுதான்."

"எப்பக் கழட்டுன?"

"தையில."

பொய் இல்லை. தையில்தான் கழற்றினேன். தை எல்லா வருஷமும்தான் வருகிறது. மலையில் மழை ஓய்ந்தால் கழற்றுவோம், ஸ்டியரிங் லேசாக இருக்கும், வண்டி கூடுதலாக ஓடும். மழைக்கு முன்னால் மாட்டிவிடுவோம். ஸ்டாண்டில் பத்து ஜீப்பில் எட்டு ஜீப் இப்படித்தான். இதை என்னவோ கொலைக் குற்றம் மாதிரி விசாரிக்கிறார்.

"நாளைக்கு எடுத்துட்டு வா. அது இல்லாம நான் கை வைக்க மாட்டேன்."

செப்டம்பர் 20, சனி

நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. பரணில் எங்கேயோ கிடக்கிறது, தேட நேரமில்லை என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்து நின்றது. இந்திராணி இறங்குகிறாள். என் பெண்டாட்டி இந்தப் பட்டறைக்கு ஒருநாளும் வந்தவள் இல்லை. ஆட்டோக்காரரும் அவளுமாகச் சாக்கில் சுற்றிய ஷாஃப்டை இறக்கி வாசலில் வைத்தார்கள்.

"உன்னை யார் கொண்டாரச் சொன்னது?" என்று கத்தினேன்.

"மாட்டிருங்க. இந்தத் தடவையாவது மாட்டிருங்க." அவ்வளவுதான் சொன்னாள். வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள். நாலு பேர் நடமாடுகிற இடத்தில் புருஷனை இப்படியா விட்டுவிட்டுப் போவது?

பாய் சாக்கைப் பிரித்தார். ஷாஃப்டின் நடுவில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமல் பார்க்கிறதுதான் எனக்கு ஆகாது.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று மலையில் நல்ல மழை. இன்று காலை பட்டறைக்குப் போனால் பாய் ஷாஃப்டை மட்டும் மாட்டிவிட்டு ஜீப்பை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார். பழைய கியர்தான், லாக்கர் பெட்டி அப்படியே மேஜையில் இருக்கிறது.

"உன் வழுக்குப்பாறைய நான் பாக்கணும். எதுக்கு மருந்துன்னு தெரியாம நான் மருந்து குடுக்க மாட்டேன்."

மூன்று மூட்டை மணலைப் பின்னால் ஏற்றினோம். போனோம். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். பாறை பாசியோடு பளபளவென்று கிடந்தது. என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஓட்டினார். நான் ஓடைக் கரையில் நின்றேன். பின் சக்கரம் நேராக அதே பள்ளத்துக்கு மேலே வந்தது. தொங்கியது. சுற்றியது. இதோ நிற்கப் போகிறது, இப்போது பாருங்கள் பாய் என்று கத்த வாயைத் திறந்தேன்.

நிற்கவில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் பாறையைப் பிடித்தன. அவசரமே இல்லாமல் வண்டியை இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டன. பாய் திரும்ப இறக்கி இன்னொரு தடவை ஏற்றினார். ஏறியது.

ஏறியிருக்கக் கூடாது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். அன்றைக்கு மழை இதைவிட மும்மடங்கு. பாசி இதைவிட அதிகம். பஞ்சாயத்தில் பத்து மூட்டை சிமெண்ட் போட்டுக் கோடு கீறியிருந்தால் அந்தப் பாறை வழுக்குமா? எத்தனை மனு கொடுத்திருக்கிறோம், எவனாவது வந்து பார்த்தானா? பாய் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அன்றைக்கு வண்டியில் ஆறு பேர். மணல் மூட்டை மூன்றும் ஆறு பேரும் ஒன்றா?

செப்டம்பர் 24, புதன்

டயரும் அப்போது பழசு.

செப்டம்பர் 26, வெள்ளி

பாய் வண்டியில் கை வைக்காமலே இருக்கிறார். போய்க் கேட்டேன்.

"இன்னும் லாக்கர் வேணுமா உனக்கு?" என்றார்.

"வேணும்."

"பாறைக்கு அது வேண்டாம். நீயே பாத்த. யாருக்குப் போடுற?"

பட்டறை என்றும் பார்க்காமல் கத்தினேன். காசு கொடுக்கிறவன் நான், வண்டி என்னுடையது, வேலையைச் செய்யுங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்றேன். அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூடியின் திருகுகளைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

மூன்று நாளாகப் பக்கத்திலேயே இருந்தேன். கோபத்தில் இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், பாய் வேலை வேலைதான். புதுப் பல்லில் நீலச் சாயம் பூசுவார், கையால் சுற்றுவார், பல் எங்கே எங்கே தொடுகிறது என்று சாயம் அழிந்த இடத்தைப் பார்ப்பார். நுனியில் தொட்டால் கழற்றி, முடி கனத்தில் ஒரு தகடு வைத்து மறுபடி பூட்டுவார். பின்னால் ஐந்து தடவை. முன்னால் நாலு தடவை. பல்லின் நடுவயிற்றில் சாயம் அழிந்த பிறகுதான் ஆயில் ஊற்றினார். லாக்கர் பொத்தானை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தார். அழுத்தினால் அடியில் டக்கென்று ஒரு சத்தம். இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்றின.

ஓட்டிப் பார்த்தேன். இழுவை பிரமாதம். ஆனால் ஸ்பீடாமீட்டர் முள் நாற்பது காட்டும்போது வண்டி முப்பதுகூடப் போகவில்லை. பல் மாறினால் அப்படித்தான் கூட்டிக் காட்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை செலவழித்துப் பொய் சொல்கிற ஜீப்பை ஓட்டவா நான்?

புறப்படும்போது பாய் சொன்னார்: "லாக்கரு நல்லா வேல செய்யுது. நீ போட்டதுக்கான வேலைய அது செய்யாது."

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஸ்டாண்டில் பத்து ஜீப்பையும் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தோம். பிள்ளையார் படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து, ஸ்பேனர், ஜாக்கி, அவரவர் கழற்றி வைத்திருந்த முன் ஷாஃப்ட்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தது. எங்கள் லைனில் இது வழக்கம். மழைக்கு முந்தி வருகிற பூஜை என்பதால் ஷாஃப்டைக் கழுவிச் சாமி முன்னால் வைப்போம், மறுநாள் எடுத்து மாட்டுவோம். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. தவமணியின் ஷாஃப்டும் அந்த வரிசையில் இருந்தது.

சூடம் காட்டியபின் பொரி வாங்கிக்கொண்டே யாரோ கேட்டதற்குத் தவமணி சொன்னான்: "நாளைக்கு ரெண்டு கோயில் ட்ரிப்பு இருக்கு. அது முடிச்சு ஒரு நாள் ஓய்வாப் பாத்து மாட்டிக்கிறலாம். மழையா இப்ப கொட்டுது?"

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. துணியில் இருந்த ஸ்பேனரை எடுத்தேன். அவனுடைய ஷாஃப்டையும் தூக்கினேன். மாலை அறுந்து விழுந்தது.

"யோவ் வீரணா! பூசையில வச்சதத் தொடுற, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"மாட்டுடா. இப்பவே மாட்டு."

"நாளக்கி மாட்டிக்கிறேன்யா. உனக்கு என்ன வந்துச்சு?"

"என் தங்கச்சிய உன் வண்டியிலதானடா ஏத்தப் போற? நானும் நாளைக்குன்னுதான்டா சொன்னேன். நாளைக்கு நாளைக்குன்னு மாட்டாமலே போனேன்டா. அந்தப் பிள்ள அதுலதான்டா செத்துச்சு!"

பொரியை மென்றுகொண்டிருந்தவர்கள் வாயை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷமாக இந்திராணியைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருந்தது. தவமணி என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினான். புது வேட்டியோடு ஜீப்புக்கு அடியில் படுத்து, அங்கேயே மாட்ட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துணியிலிருந்து தங்கள் ஷாஃப்டை எடுத்தார்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வருஷம் பூஜையில் வைத்த ஷாஃப்டை மறுநாள் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மறுநாள் முகூர்த்த ட்ரிப். அதற்கடுத்து பழனி ட்ரிப். அரை மணி நேர வேலை, எட்டுத் திருகு. பதினோரு நாள் அது வாசலில் சாய்ந்து கிடந்தது. இந்திராணி இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள், இரண்டு தடவையும் அவள் மேல் எரிந்து விழுந்தேன். பன்னிரண்டாம் நாள் ஜோதிக்கு வலி. பாறையில் லிவரைப் போட்டபோது முன் சக்கரத்துக்கு ஒன்றும் போகாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பால்சாமி பார்க்கப் போட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

தவமணி வந்தான். "உன் தங்கச்சிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ போய்ச் சொல்லு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்." எனக்குக் கெடு வைக்க இவன் யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 4, சனி

தேக்குமேட்டுக்குப் போனேன். தூறல். லாக்கர் பொத்தானைத் தொடவே இல்லை, எங்கேயும் தேவைப்படவில்லை.

ஜோதி வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாக இறங்கியிருந்தது. முகம் கறுத்துப் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பால்சாமி கதவருகே வந்து நின்றான். என்னிடம்தான் அவன் வண்டி ஓட்டப் பழகினான், ஆனால் வாங்க மச்சான் என்று சொல்லவில்லை.

"என்னண்ணே?" என்றாள் அவள். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

நின்றபடியே சொன்னேன். ஷாஃப்ட், பூஜை, பதினோரு நாள், லிவர் எல்லாவற்றையும். பால்சாமி பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். பிடித்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"அவர விடுங்க. மறுபடி சொல்லுண்ணே" என்றாள் ஜோதி.

மறுபடி சொன்னேன்.

"அது மாட்டியிருந்தா ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும். பத்து நாளைக்கு முன்னாடி ஏத்திப் பாத்தோம். ஏறிருச்சு."

உரித்த பீன்ஸ் பருப்பு இருந்த முறத்தை அப்படியே என் மேல் வீசினாள்.

"ரெண்டு வருசம்! ரெண்டு வருசமா நான் தூங்கலண்ணே. காலையிலயே சொல்லியிருந்தா, காலையிலயே சொல்லியிருந்தான்னு அதையே நெனச்சுக்கிட்டு கிடந்தேன். என் பிள்ளைய நானே கொன்னுட்டேன்னு இருந்தேன். அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி நீ கேட்டியே, அந்தக் கேள்விய இவுக ஆத்தா கேட்டாக, ஊர்ல எல்லாரும் கேட்டாக. உன் மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுல்ல நான் கீழ வராம இருந்தேன்! நீ என் மேல கோவத்துல இருக்கேன்னு நெனச்சேன்!"

"நானா கோவத்துல இருந்தேன்? நீதான என் வண்டி வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு."

பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. மூடிக்கொண்டேன்.

"லாக்கர் போட்டிருக்கேன் ஜோதி. இனிமே..." என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிப் பார்த்தேன்.

"எவளுக்கு வேணும் உன் லாக்கரு?"

உள்ளே போய்விட்டாள். நான் வாசலில் சிதறிக் கிடந்த பருப்பைப் பொறுக்கினேன். அரை மணி நேரம் இருக்கும். அவள் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. துணிப்பையோடு வெளியே வந்தாள்.

"சகாயமேரியக்கா சொன்னது சரிதான், நான் கீழ வந்து இருக்கேன். உனக்காக இல்ல, வயித்துல இருக்கறதுக்காக. சாவிய அவருகிட்டக் குடு. நீ ஓட்டாத."

கொடுத்தேன்.

"நீ ஏறவும் வேணாம். வண்டிக்கு முன்னாடி நட. முன் சக்கரம் ரெண்டும் சுத்துதான்னு பாத்துச் சொல்லிக்கிட்டே போ. என் காதுல கேக்கணும்."

ஓடையில் இறங்கினோம். நான் வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பாறையில் ஏறினேன். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன், முழங்கால் தோல் பெயர்ந்தது. பால்சாமி லிவரைப் போட்டான்.

"சுத்துதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"சுத்துது."

"ரெண்டுமா?"

"ரெண்டும் சுத்துது ஜோதி."

பள்ளம் வந்தது. பின் சக்கரம் தொங்கியது. சுத்துது, சுத்துது என்று கத்தினேன். முன் சக்கரங்கள் பாறையைப் பிடித்து வண்டியை என் பக்கம் கொண்டுவந்தன. மேலே ஏறிச் சமதரையில் வண்டி நின்றதும் நானும் கத்துவதை நிறுத்தினேன்.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றாள்.

தார் ரோடு வரை மூன்று கிலோமீட்டர். சுத்துது, சுத்துது என்று சொல்லிக்கொண்டே மழையில் நடந்தேன். எதிரே சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ரோடு வந்ததும் ஜீப் நின்றது. ஏறச் சொல்வாள் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணி வீட்லதான இருக்கு?"

தலையை ஆட்டினேன்.

"சரி. போங்க" என்று பால்சாமியிடம் சொன்னாள். என் ஜீப் என் வீட்டுக்குப் போய்விட்டது.

டவுன் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது. ரோட்டில் ஜீப் போன திசையைக் கையால் காட்டினேன்.